வாட்டா, வகுப்பா, கம்பஸா? கற்பிக்க விரும்பும் யாழ்ப்பாணத் தாதியருக்கு

தாதிய சேவையில் ஏழெட்டு வருடம் ஓடியதும் பலருக்கு ஒரு கேள்வி வருகிறது. ஓய்வுபெறும் வரைக்கும் வாட்டிலேயே நிற்பதா, இல்லையென்றால் படிப்பிக்கப் போவதா? யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்டு வருகிற தம்பி தங்கைமார் பெரும்பாலும் பாதி முடிவோடுதான் வருவார்கள். "அக்கா, இந்தமுறை ரியூட்டர் கோர்ஸுக்குப் போடட்டோ?" என்பார்கள் சிலர். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பிக்கும் போதனாசிரியரைத்தான் ரியூட்டர் என்கிறோம். "திறந்த பல்கலைக்கழகத்தில டிகிரி முடிச்சிட்டன், கம்பஸுக்கு அப்ளை பண்ணினா எடுப்பினமோ?" என்பார்கள் வேறு சிலர். வாட்டில் நின்றபடியே கற்பிப்பதும் ஒரு வழி என்று நினைத்து வருபவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பதவிப் பெயர் இல்லை, வர்த்தமானியில் விளம்பரம் வருவதில்லை. ஆகவே அது ஒரு தெரிவாகவே கண்ணில் படுவதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்டில் கற்பிக்கப் பழகுங்கள். அதே காலத்தில் பட்டத்தைப் படியுங்கள். அதற்குப் பிறகு வகுப்பா கம்பஸா என்று முடிவெடுங்கள். இந்த ஒழுங்கை மாற்றிப் போகிறவர்களும் நல்லாசிரியராக வரலாம். ஆனால் அவர்கள் பிறகு ஈடுசெய்ய வேண்டியது நிறைய இருக்கும்.

மூன்று வழிகளும் மூன்று காலத்தவை

1860இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் பெயரில் பயிற்சிப் பாடசாலை தொடங்கியபோது, மாணவிகள் படித்த இடம் வாட்டுத்தான். வைத்தியர்கள் வந்து விரிவுரை செய்வார்கள். கட்டுப்போடுவதையும் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதையும் வாட்டுச் சிஸ்ரர் சொல்லிக் கொடுப்பார். மாணவியின் கை வைத்தியசாலைக்கு வேலை செய்யும் கையாகவும் இருந்தது. அந்த முறை உலகமெங்கும் பரவியது, நல்லதோடும் கெட்டதோடும்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. அமெரிக்க மிஷனின் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820களில் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்தவர். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர்தான் வேலூரில் வைத்தியசாலை தொடங்கி, 1909இல் அங்கே தாதியர் பாடசாலையையும் ஆரம்பித்தார். 1946இல் அதே வேலூரில் தாதியப் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் தாதியருக்குப் பட்டம் கொடுத்த முதல் இடங்களில் அது ஒன்று. மானிப்பாயில் 1840களின் இறுதியில் இருந்து மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், பிறகு தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. வீட்டுப் படலையைத் தாண்டாத பெண்பிள்ளைகள் நோயாளர் பராமரிப்பைத் தொழிலாகப் பழகியது இப்படியான மிஷன் வைத்தியசாலைகளில்தான்.

அடுத்த மாற்றம் ஆசிரியரைப் பற்றியது. வேலை தெரிந்தவர் என்பதற்காகவே ஒருவர் கற்பிக்கவும் தெரிந்தவர் ஆகிவிடுவாரா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1899இல் தாதியருக்கென்று ஒரு பயிற்சி நெறி தொடங்கியது. 1907இல் அங்கே அடிலெய்ட் நட்டிங் பேராசிரியர் ஆனார். உலகின் முதல் தாதியப் பேராசிரியர் அவர்தான். 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, மாணவிகளைக் கூலியில்லாத வேலையாட்களாக வைத்திருக்கும் வைத்தியசாலைகளின் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தது. தாதியருக்குக் கற்பிப்பவருக்குத் தனியான மேற்படிப்பு வேண்டும் என்றும் சொன்னது. இன்று நாங்கள் ரியூட்டர் என்று அழைக்கும் ஆளின் தேவை இந்தச் சிந்தனையில் இருந்து வந்தது.

இலங்கையில் கொழும்புத் தாதியர் பயிற்சிப் பாடசாலை 1939இல் தொடங்கியது. பிறகு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா என்று எங்கள் பக்கமும் பயிற்சிக் கல்லூரிகள் வந்தன. 1994இல் திறந்த பல்கலைக்கழகம் சேவையில் உள்ள தாதியருக்குப் பட்டப்படிப்பைக் கொண்டு வந்தது. 2000களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் உட்பட அரச பல்கலைக்கழகங்களில் உயர்தரம் முடித்து நேரடியாகச் சேரும் நான்கு வருடத் தாதியப் பட்டம் வந்தது.

இதற்கு நடுவே எங்களுக்கு வேறு எவருக்கும் இல்லாத ஒரு காலம் இருந்தது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் கடமையில் நின்ற வைத்தியரும் தாதியரும் ஊழியரும், கட்டிலில் கிடந்த நோயாளரும் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறுகளில் பாதை பூட்டி, மருந்துக்கும் தடை இருந்தது. அந்த வருடங்களில் மூத்த தாதி இளைய தாதிக்குக் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்துத்தான் வேலை நடந்தது. அப்படிக் கற்ற தலைமுறை இப்போது ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. வாட்டில் கற்பிப்பதைப் பழைய முறை என்று ஒதுக்குபவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, உங்கள் முன்னால் உள்ள மூன்று வழிகளும் ஒன்றை ஒன்று விழுங்கி வளர்ந்தவை இல்லை. ஒன்றின் குறையை மற்றது நிரப்ப வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாட்டில் நின்று கற்பிப்பது

ஒரு மருத்துவ வாட்டில் இரத்தம் ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் கல்லூரியில் இது ஒரு பாடம். நோயாளியின் பெயர், இலக்கம், இரத்தவகை, பையின் காலாவதித் திகதி எல்லாவற்றையும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஏற்ற முன்னர் காய்ச்சல், நாடி, பிரஷர், சுவாசம் பார்த்து எழுத வேண்டும். மெதுவாகத் தொடங்கி முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு விலகாமல் நிற்க வேண்டும். மாணவி இதை வரிசையாக ஒப்புவிப்பாள், எழுத்துப் பரீட்சையில் முழுப் புள்ளியும் எடுப்பாள்.

வாட்டில் அதே மாணவி என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவளுடைய கண் முழுவதும் துளி விழும் குமிழில் இருக்கும். கட்டிலில் ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆச்சி ஒருவர். பத்தாவது நிமிடத்தில், "பிள்ளை, எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு" என்கிறார். காய்ச்சல் இன்னும் ஏறவில்லை, நடுக்கம் இல்லை, உடம்பில் தடிப்பு இல்லை. மாணவி, "பயப்பிடாதேங்கோ அம்மம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துளியை எண்ணத் தொடங்குகிறாள். அருகில் நிற்கும் மூத்த தாதியின் கை அதற்குள் இரத்தம் இறங்கும் குழாயின் கிளாம்ப்பைப் பூட்டிவிட்டது. பிறகுதான் பேச்சு. "எங்கை நோகுது ஆச்சி, நாரிப்பக்கமோ?" என்று கேட்டபடியே நாடி பிடிக்கிறார். புதுக் குழாய் செற்றில் சாதாரண சேலைனைப் போட்டு நரம்பு அடைபடாமல் வைத்திருக்கிறார். வைத்தியருக்கு ஆள் அனுப்புகிறார். கையில் கட்டியிருக்கும் பட்டியையும் பையையும் மறுபடி ஒப்பிடுகிறார். அந்தப் பையை எறிய விடாமல் இரத்த வங்கிக்கு அனுப்ப எடுத்து வைக்கிறார்.

எல்லாம் முடிந்த பிறகு மாணவியைப் பார்த்து, "ஆச்சி அப்பிடிச் சொன்னதும் நீ என்ன நினைச்சனி?" என்று கேட்டால்தான் பாடம் முழுமையாகிறது. இரத்தம் ஒவ்வாமல் போவதன் முதல் அறிகுறி பல தடவை நோயாளியின் வாயில் இப்படித் தெளிவில்லாத ஒரு சொல்லாகத்தான் வரும். அதற்குக் காது கொடுக்கிற பழக்கத்தை பயிற்சிக்கூடத்தின் எந்த பொம்மையும் கற்றுத் தராது.

பட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதிய அறிஞர் 1980களில் தாதியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். புதியவர் விதியைப் பார்த்து வேலை செய்வார். கைதேர்ந்தவர் நிலைமை முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார். இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. கைதேர்ந்தவருக்குத் தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லத் தெரியாமல் போகலாம். கிளாம்ப்பைப் பூட்டிய தாதியைக் கேட்டால், "எனக்கு விளங்கிச்சு" என்று மட்டும் சொல்லக்கூடும். ஆகவே நல்ல தாதி எல்லாரும் நல்ல ஆசிரியர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கற்பிப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை.

எப்படிப் பழகுவது? ஒரு கடமை நேரத்துக்கு ஒரு மாணவி, ஒரு திறன் என்று வையுங்கள். பத்துப் பேரைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்துச் செய்து காட்டினால் முன்னுக்கு நிற்கும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். செய்வதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். செய்யும்போது பேசாமல் விடுங்கள், ஆபத்து வந்தால் ஒழிய. செய்து முடித்ததும், அவள் வாட்டை விட்டுப் போகும் முன்னர், சரியாகச் செய்த ஒன்றையும் திருத்த வேண்டிய ஒன்றையும் சொல்லுங்கள். 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் போக வேண்டும், செற் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? தாளில் 42 என்று எழுதிவிடுவாள். கட்டிலடியில் நின்று 15 செக்கனுக்குப் பத்துப் பதினொரு துளி என்று, துளியைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைச் சரிசெய்யவும், அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து பார்க்கவும் நீங்கள்தான் பழக்க வேண்டும். நோயாளி கையை மடக்கினாலே கணக்கு மாறிவிடும் என்பதை அவள் கண்ணால் காண வேண்டும்.

நோயாளிக்கு முன்னால் மாணவியை ஏசுவதை விட்டுவிடுங்கள். எங்கள் வாட்டுகளில் இது ஒரு பரம்பரைப் பழக்கமாகவே இறங்கி வந்திருக்கிறது. ஏச்சு வாங்கிய மாணவி அடுத்தமுறை பிழை விட்டால் மறைப்பாள். மருந்து விஷயத்தில் மறைத்த பிழை ஆளைக் கொல்லும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். இதற்குத் தனிச் சம்பளம் இல்லை. பதவி உயர்வுக் கோவையில் இதற்கொரு கட்டம் இல்லை. நாற்பது நோயாளருக்கு இரண்டு மூன்று பேர் நிற்கும் இரவில் கற்பிக்க நேரமே கிடைக்காது. நீங்கள் நன்றாகக் கற்பிக்கிறீர்கள் என்று தெரிந்தால் எல்லா மாணவரையும் உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் வீட்டை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை, நைற் டியூட்டியும் ஓவர்ரைமும் அப்படியே இருக்கும், தொழில் கையும் மங்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், கற்பிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை எதையும் இழக்காமல் சோதித்துப் பார்க்கலாம். இப்போது பணி செய்யும் இடத்திலேயே நாளைக்கே தொடங்கலாம். பெரியாஸ்பத்திரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை எங்கும் புதிதாக நியமனம் பெற்று வந்த இளையவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மாணவர்தான்.

பயிற்சிக் கல்லூரியில் ரியூட்டராகப் போவது

இதுதான் நேர்ப்பாதை. சேவையில் குறிப்பிட்ட காலம் நின்ற தாதிய உத்தியோகத்தர் விண்ணப்பித்து, தெரிவாகி, கொழும்பில் உள்ள, அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கான உயர் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சியை முடித்து, தாதிய போதனாசிரியராக நியமனம் பெறுவது. சேவைக்குள் இருந்தபடியே போகிற பயிற்சி என்பதால் வேலை போகாது. எவ்வளவு காலச் சேவை, எந்த வயதெல்லை என்பதெல்லாம் அந்தந்த வருட அறிவித்தலில் இருக்கும். பழைய அறிவித்தலைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ரியூட்டரின் வேலை கடந்த முப்பது நாற்பது வருடங்களில் நன்றாக மாறிவிட்டது. முன்பெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் நோட்ஸ் சொல்லி எழுதுவிப்பதும்தான் பெரும்பகுதி. மனித உருவப் பொம்மையில் உயிர்மீட்புப் பழகுவது 1960இல் நோர்வேயில் லேர்டல் நிறுவனம் செய்த பொம்மையோடு பரவியது. 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் றொனால்ட் ஹார்டன், மாணவர் ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்குப் போய் ஒவ்வொரு திறனையும் செய்து காட்டும் பரீட்சை முறையைக் கொண்டு வந்தார். ஒரே பட்டியலை வைத்து எல்லாரையும் மதிப்பிடுவதால் முகம் பார்த்துப் புள்ளி போடும் பேச்சுக்கு அங்கே இடம் குறைந்தது. இன்று ரியூட்டர் அந்த மேசைகளை அமைக்க வேண்டும், பட்டியல் எழுத வேண்டும், பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும். விடுதிப் பிள்ளை அழுதாலும் அவர்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் தாதிய ஆசிரியருக்கு வேண்டிய திறன்களை எட்டுப் பகுதிகளாக வெளியிட்டது. வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற அறிவு, பாடத்திட்டம், தொழில் திறன், ஆய்வு, தொடர்பாடல், அறமும் சட்டமும், மதிப்பீடு, தலைமைத்துவம் என்பவை அவை. தொழில் திறனும் அதற்குள் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ரியூட்டராகிப் போனவர் தாதியாகவும் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள்.

நடைமுறையில் தவறுவது இந்த இடத்தில்தான். வாட்டை விட்டு வெளியே வந்து சில வருடங்களில் மருந்து ஏற்றும் பம்ப் மாறிவிடும், காயத்துக்குப் போடும் ட்றெஸிங் மாறிவிடும், தொற்றுக் கட்டுப்பாட்டு விதி மாறிவிடும். மாணவர் முதல்நாள் வகுப்பில் கேட்டதும் அடுத்தநாள் வாட்டில் காண்பதும் ஒன்றாக இராது. "அது ரியூட்டருக்கு, இது வாட்டுக்கு" என்று இரண்டு முறைகளைப் பழகிக்கொண்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது மிகவும் ஆபத்தான பழக்கம். ஜோர்ஜ் மில்லர் 1990இல் மருத்துவக் கல்விக்காகச் சொன்ன நான்கு படிகள் இதற்கு நல்ல விளக்கம். தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, உண்மையில் செய்வது. வகுப்பறை முதல் இரண்டையும் தரும். பயிற்சிக்கூடம் மூன்றாவதைத் தரும். நான்காவது வாட்டில் மட்டும்தான் உண்டு. அமெரிக்காவில் 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்று, வாட்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரைக்கும் நல்ல தரமான செயற்கைச் சூழல் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று காட்டியது. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதிய ஆட்களும் வேண்டும் என்பதும் அந்த முடிவோடு சேர்ந்த நிபந்தனை. கட்டிலில் ஒரு பழைய பொம்மையைக் கிடத்திவிட்டு அதைச் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே ரியூட்டராகப் போகிறவர்களிடம் நான் கேட்பது, வாரத்தில் ஒரு நாளாவது வாட்டில் யூனிபோமோடு நில்லுங்கள். மாணவரைக் கண்காணிக்க மட்டும் போகாமல் ஒரு நோயாளியின் பராமரிப்பை முழுதாக நீங்களே செய்யுங்கள்.

இந்த வழியில் கிடைக்கும் நிறைவு பெரியது. உயர்தரம் முடித்த கையோடு வரும் பிள்ளை, இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவள், மூன்று வருடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் நிதானமாக நிற்பதை நீங்கள் பார்ப்பீர்கள். ஒரு அணி வெளியேறினால் அவர்கள் நாடு முழுவதும் போவார்கள். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும், நோயாளி தமிழில் கேட்பார். சத்திரசிகிச்சைக்கு முதல் ஏன் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று ஒரு விவசாயிக்கு விளங்கும்படி சொல்ல மாணவிக்குப் பழக்குவது முழுக்க ரியூட்டரின் வேலை.

விலை என்ன? முதலாவது, கொழும்பு. சுமார் 400 கிலோமீற்றர். சின்னப்பிள்ளை உள்ளவர்களுக்கு இரவு பஸ்ஸிலும் யாழ்தேவியிலும் போய்வந்து குடும்பம் நடத்துவது இலேசில்லை. இரண்டாவது, பயிற்சி முடிந்ததும் யாழ்ப்பாணத்திலேயே இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெற்றிடம் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கலாம். மூன்றாவது, வாட்டின் இரவுக் கடமையோடு வந்த மேலதிகப் பணம். வீட்டுக்கடனும் சீட்டும் அந்தப் பணத்தை நம்பிப் போட்டிருந்தால் முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள்.

கம்பஸுக்குப் போவது

நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு நல்ல தரத்தில் சிறப்புப் பட்டம் வேண்டும். எடுத்த பிறகும் குறித்த காலத்துக்குள் முதுமாணியோ கலாநிதியோ முடிக்க வேண்டும். பலர் தற்காலிக விரிவுரையாளராக, செய்முறை விளக்குநராகத்தான் உள்ளே போகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது என்ன என்று தெரியாது. நிரந்தர அரச பதவியை விட்டுவிட்டுத் தற்காலிகப் பதவிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விடுமுறை விதிகளை எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

கற்பித்தல் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் வாசிப்பது மட்டும் போதாது, ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும், வெளியார் கேள்வி கேட்க நின்று பதில் சொல்ல வேண்டும். கூச்சப்படுபவர்கள் இதற்காகவே பின்வாங்குகிறார்கள். பின்வாங்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு வருட உழைப்பை அதற்கென்று ஒதுக்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான பெறுமதி ஆய்வில் இருக்கிறது. எங்கள் ஊருக்கே உரிய கேள்விகள் விடை தெரியாமல் கிடக்கின்றன. நல்லூர்த் திருவிழா 25 நாள். நீரிழிவுக்காரர் எத்தனை பேர் சுடுமணலில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், அங்கப்பிரதட்சணை செய்கிறார்கள்? நீரிழிவு கால் நரம்பை மரக்கச் செய்துவிட்டால் சுட்டது தெரியாது, கொப்புளம் போட்டதும் தெரியாது. காயம் பழுத்த பிறகுதான் கிளினிக்குக்கு வருவார்கள். "செருப்பைப் போடுங்கோ" என்று சொன்னால் எவரும் கேட்கப்போவதில்லை, நேர்த்தி அது. அப்படியானால் என்ன சொன்னால் கேட்பார்கள்? விடியப்புறத்தில் வெயில் ஏற முதல் போகச் சொல்லலாமா, இரவில் வீட்டுக்காரரைக் கொண்டு காலைப் பார்க்கச் சொல்லலாமா? எது வேலை செய்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்லும் தாதிய ஆய்வாளர் எங்களுக்கு வேண்டும். கொழும்பில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் கைநூலில் நல்லூர் வீதி இராது. இப்படியான கேள்விகள் உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்தால் கம்பஸ் உங்கள் இடம்தான். பேராசிரியர் என்ற பெயருக்காகப் போனால் ஆய்வு பெருஞ்சுமையாக முடியும்.

பல்கலைக்கழக மாணவரும் பயிற்சிக்கு வருவது அதே வாட்டுக்குத்தான் என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே அவர்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டுவது யார்? மறுபடியும் முதலாவது வழியில் நிற்கிற அந்தத் தாதி. டிப்ளோமாப் பிள்ளை, டிகிரிப் பிள்ளை என்று வாட்டில் பிரித்துப் பேசும் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இரண்டு பேரும் அதே ஆச்சியைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

தனியார் தாதியர் கல்லூரிகளில் கற்பிப்பதும் ஒரு தெரிவுதான். ஓய்வுபெற்றவருக்கு அது நல்லது. நடுச்சேவையில் இருப்பவர் அதற்காக அரச சேவையை விட வேண்டாம். கற்பிக்கச் சேரும் முன்னர், அங்கே படிக்கும் பிள்ளைகள் முடித்த பிறகு தாதியர் பேரவையில் பதிவு பெற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டும் காசுக்கு நீங்களும் பொறுப்பாளியாவீர்கள்.

வெளிநாடு பற்றியும் ஒரு சொல். 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் போக வழி திறந்ததும் தாதியரும் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் விளைவு வாட்டில் தெரிகிறது. இடைநிலை அனுபவம் உள்ளவர்கள் குறைந்து, இரண்டு வருடச் சேவை உள்ளவர் ஆறு மாதச் சேவை உள்ளவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே போய்க் கற்பித்தல் தகுதி ஏதாவது முடித்துக்கொண்டு திரும்பும் எண்ணம் உள்ளவர்கள், அதை இங்கே எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்று போகும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

சேவையில் ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் இப்போதைக்கு எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கற்பிக்கக் கையில் சரக்குச் சேர வேண்டும். ஒரு பிரிவிலேயே நிற்காமல் மருத்துவம், சத்திரசிகிச்சை, அவசர சிகிச்சை என்று மாறி நில்லுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டத்துக்குப் பதியுங்கள். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது, வேலையோடு படிக்கலாம். கடமை அட்டவணையை முன்கூட்டியே சிஸ்ரரோடு பேசி ஒழுங்குபடுத்தாவிட்டால் வகுப்பு நாட்கள் தவறிப்போகும். பட்டத்தில் என்ன தரம் எடுக்கிறீர்கள் என்பது பிறகு கம்பஸ் கதவைத் திறக்கவோ பூட்டவோ போகிறது. ஆகவே "பாஸ் பண்ணினால் காணும்" என்று படிக்காதீர்கள்.

ஏழு முதல் பன்னிரண்டு வருடம் வரை நின்றவர், வாட்டில் மாணவரோடு வேலை செய்வதை உண்மையாகவே விரும்புகிறவர், குடும்பம் ஒத்துழைக்கும் என்றால் ரியூட்டர் வழிக்குப் போங்கள். கணவனோ மனைவியோ யாழ்ப்பாணத்தை விட்டு அசைய முடியாத வேலையில் இருந்தால் நியமன இடம் பற்றி இருவரும் முன்னரே பேசி முடிவெடுங்கள். பயிற்சியை முடித்துவிட்டு இடமாற்றத்துக்காக வருடக்கணக்கில் அலைவது மாணவருக்கும் நல்லதில்லை.

நல்ல தரத்தில் பட்டம், ஆய்வில் ஆர்வம், நாற்பதுக்குக் கீழ் வயது மூன்றும் சேர்ந்தவர்கள் கம்பஸைக் குறிவையுங்கள். ஆனால் வாட்டில் ஒரு நண்பரையாவது வைத்துக்கொள்ளாமல் போகாதீர்கள். உங்கள் ஆய்வுக் கேள்விகளைத் தரப்போவது அவர்தான்.

ஐம்பதை நெருங்கியவர்கள் பலர், "எங்களுக்கு இனி என்ன கோர்ஸ்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பதைத் தேடித்தான் மற்ற மூன்று கூட்டமும் அலைகிறது. உங்கள் வாட்டில் அடிக்கடி பிழைக்கிற ஐந்தாறு வேலைகளைத் தெரிவு செய்யுங்கள். இன்சுலின் ஏற்றுவது, பொட்டாசியம் கரைத்துப் போடுவது, மூக்குவழிக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, இரத்தம் ஏற்றுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில், தமிழில், எந்த இடத்தில் இளையவர் தடுமாறுகிறார் என்பதை எழுதுங்கள். பொட்டாசியத்தை ஒருபோதும் நேரடியாக நரம்பில் தள்ளக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு, அவசரத்தில், இரண்டு குப்பிகளும் ஒரேமாதிரித் தெரியும்போது என்ன செய்து தன்னைத் தடுத்துக்கொள்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எழுதியதை வாட்டுச் சிஸ்ரரிடமும் பயிற்சிக் கல்லூரி ரியூட்டரிடமும் காட்டித் திருத்துங்கள். பிறகு மருந்து மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அடுத்த அணி மாணவர் வரும்போது, முதல் நாளே அவர்களை அந்த மேசையடிக்குக் கூட்டிப் போங்கள்.